வல்லாள ராஜாவின் ஊருக்கு ஒரு கேரவன் பயணம்

பெங்களூரு அல்சூரில் எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. தாழ்வான கழிப்பறையில் உட்கார முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டால் பாதம் வீங்கிவிடும். உணவகச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் அவருக்குக் கொஞ்சமும் குறையவில்லை. முன்பொரு முறை மைசூருக்குக் காரில் போனபோது, நெடுஞ்சாலையில் அவருக்கு ஏற்ற கழிப்பறையைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது கழிந்தது. வீடு திரும்பியதும், "இனிமே நான் வரலை மாப்பிள்ளை, நீங்க போயிட்டு வாங்க" என்று முடித்துக்கொண்டார். கேரவன் எடுக்கலாம் என்ற யோசனை என் மனைவிக்குத் தோன்றியது அப்போதுதான். படுக்கையையும் சமையலறையையும் கழிப்பறையையும் கூடவே கொண்டுபோய்விட்டால் அம்மாவால் மறுக்க முடியாது என்பது அவளுடைய கணக்கு.

குடியரசு தினத்தை ஒட்டிக் கிடைத்த நான்கு நாட்களுக்கு, பெங்களூரிலேயே ஒரு நிறுவனத்திடம் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாள் வாடகை, நல்ல விடுதியொன்றில் இரண்டு அறைகள் எடுக்க ஆகும் தொகையைவிட அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றால் பெரும்பாலும் டெம்போ டிராவலர் போன்ற வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு சிறிய வீட்டை அமைத்திருப்பார்கள். எங்கள் வண்டியின் பின்புறத்தில் இருவர் படுக்கும் கட்டில் இருந்தது; நடுவில் இருந்த மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கையாகிவிடும். ஒரு பக்கத்தில் இன்டக்ஷன் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் சிறிய ஃபிரிட்ஜும், மறுபக்கத்தில் அலமாரி அளவே உள்ள குளியலறையும் இருந்தன. நல்ல தண்ணீருக்குத் தரைக்கு அடியில் 100 லிட்டர் தொட்டி, கழுவிய நீர் சேர்வதற்குத் தனியாக ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு வெளியிலிருந்து இழுத்தெடுக்கும் ஒரு பெட்டி. ஓட்டுநரும் வண்டியோடு வருவார், முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் அண்ணா கோலாரைச் சேர்ந்தவர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, நெலமங்களாவைத் தாண்டி ஹாசன் போகும் தேசிய நெடுஞ்சாலை 75-இல் ஏறினோம். குணிகல்லைக் கடந்தபின் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காலைச் சிற்றுண்டியை முடித்தோம். வீட்டில் அரைத்து எடுத்துவந்த மாவில் அத்தை தோசை ஊற்ற, நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெங்களூரிலிருந்து பேலூர் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்; எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆயிற்று. வண்டி மெதுவாகத்தான் போகும் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அலமாரிக் கதவு திறந்துகொண்டு டம்ளர்கள் உருண்டோடியதால், நிறுத்தி நிறுத்திப் பொறுக்க வேண்டியிருந்தது மற்றொரு காரணம். படுத்தபடியே பயணம் செய்யலாம் என்று எண்ணிக் கேரவன் எடுப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. வண்டி ஓடும்போது இருக்கைப் பட்டை போட்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதனால், அத்தையின் கால் வீங்கும் முன் நிறுத்தி, அவரைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கவைத்து, அரை மணி நேரம் கழித்துக் கிளம்புவதென்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

நாங்கள் தங்கியது பேலூருக்கு மேற்கே ஒரு காப்பித் தோட்டத்தில். அந்தப் பக்கம் போகப்போக ராகி வயல்களும் தென்னந்தோப்புகளும் பின்தங்கி, மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் தொடங்கிவிடுகின்றன. தோட்டத்துக்காரர் கேரவன் நிற்க இடமும், 15 ஆம்ப் மின் இணைப்பும், கிணற்றுத் தண்ணீரும் தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஜனவரி, ரொபஸ்டா காப்பி பறிக்கும் பருவம். தோட்டத்தில் சமதளமாக இருந்த ஒரே இடம் உலர்த்தும் களம். அதில் விளிம்புவரை காப்பிப் பழங்களைப் பரப்பியிருந்தார்கள். காப்பிக்கு அடுத்த இடம்தான் விருந்தாளிக்கு என்பது நியாயம்தானே. எங்களுக்குக் கிடைத்தது களத்துக்குக் கீழே இருந்த சரிவு.

கேரவன் சரிந்து நின்றால் என்னவெல்லாம் ஆகும் என்பதை அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டோம். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடியது. கைகழுவும் தொட்டியில் நீர் வடியாமல் மூலையில் தேங்கியது. குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. படுக்கையில் தலைப் பக்கம் தாழ்ந்திருந்ததால் நான் சற்று நேரத்திலேயே தலை கனத்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுநர் அண்ணா மரப்பலகைகளை அடுக்கி முன் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து மட்டம் பார்த்து, நான்காவது முறையில் சரிசெய்தார். கேரவன் எடுப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில்நுட்ப அறிவுரை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து வண்டியை மட்டமாக நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அடுத்த கவலை தண்ணீர். நான்கு பேருக்கு இரண்டு நாள் வரும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் இரவே அளவுமானி பாதிக்குக் கீழே போயிருந்தது. என் மகள் தலைக்குக் குளித்திருந்தாள். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர் லாரிக்காக அடுக்குமாடி வாசலில் காத்திருந்தவர்கள் நாங்கள். இருந்தும், ஒரு டம்ளரைக் கழுவ எவ்வளவு நீர் போகிறது என்று நின்று பார்த்தது இங்கேதான். மறுநாளிலிருந்து பாத்திரங்களைக் கிணற்றடியில் துலக்கினோம். குளியலும் அங்கேயே, வாளியில். பேலூரை ஒட்டி ஓடும் யகச்சி ஹேமாவதியில் கலக்கிறது, ஹேமாவதி காவிரியில் சேர்கிறது, அந்தக் காவிரி நீரைத்தான் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டர் உயரம் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். இதை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்ப நாம இங்கயே குளிச்சுக்கலாமே" என்று அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலையில் கண்விழித்ததே களத்தின் சத்தத்தில்தான். உலரும் காப்பிப் பழங்களைப் பலகையால் தள்ளித்தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பறித்த ஓரிரு நாட்களில் களத்திலிருந்து லேசான புளித்த வாடை வரும்; பன்னிரண்டு, பதினைந்து நாள் வெயில் பட்டபின் கையிலெடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்கும், அதுதான் பதம். இதை எங்களுக்குச் சொன்னவர் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அத்தை மகளை அதட்டிய தமிழைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு அம்மா நீங்க?" என்று தாமாகவே பேச்சுக் கொடுத்தார். அவருடைய தாய் தந்தையர் தருமபுரிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களாம். அவர் பிறந்தது இங்கேதான். தருமபுரியை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். வினைச்சொற்கள் கன்னடத்துக்குப் போய்விட்டாலும் உறவுமுறைகள் மட்டும் தமிழிலேயே நின்றிருந்தன. அத்தைக்கு அன்றுமுதல் நேரம் போவது கடினமாக இருக்கவில்லை. வண்டியின் வெய்யில்மறைப்பின் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரோடு பேசியபடியே அவரைக்காய் உரித்தார். பருவம் அதுவென்பதால் தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து ஒரு முறம் நிறைய வந்திருந்தது.

பேலூர் கோயிலுக்குக் கேரவனிலேயே போவதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் அதைக் கிளப்புவதென்றால் மின் கம்பியைக் கழற்ற வேண்டும், வெய்யில்மறைப்பைச் சுருட்ட வேண்டும், டம்ளர்முதல் தலையணைவரை எல்லாவற்றையும் கட்டிவைக்க வேண்டும், திரும்பி வந்ததும் பலகை வைத்து மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் தினமும் வீடு காலிசெய்து தினமும் குடியேறுவதைப் போன்ற வேலை அது. ஓட்டுநர் அண்ணாவே, "இங்கேயே விட்டுட்டு ஆட்டோவில போயிடுங்க சார்" என்றார். அவ்வளவு வாடகை கொடுத்து எடுத்த வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டு ஆட்டோவில் போவது முதலில் எனக்கு உறுத்தியது. போய்வந்தபின் உறுத்தல் போய்விட்டது. கோயில் வாசல்வரை போகக்கூடிய ஆட்டோ, களைத்துத் திரும்பினால் நேரே சாய்ந்துகொள்ள மரத்தடியில் ஒரு கட்டில். அத்தைக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

பேலூர் சென்னகேசவர் கோயிலை ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117-இல் எடுப்பித்தான். தலைக்காட்டில் சோழர்களை வென்றதன் நினைவாகக் கட்டினான் என்று வழிகாட்டி சொன்னார். "நம்மளத் தோக்கடிச்சதுக்கா கட்டினாங்க?" என்று அத்தை கேட்டது வழிகாட்டிக்குப் புரியாமல் போனது நல்லதாயிற்று. 2023-இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்று ஊர்க் கோயில்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபின் விடுமுறைக் கூட்டம் பெரிதாக இருக்கும் என்று அஞ்சி, காலையில் முதல் ஆட்களாகப் போனோம். தமிழ்நாட்டுக் கோயில்களின் கருங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கல் வேறு. இது மாக்கல் வகையைச் சேர்ந்தது, வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது. நகையின் திருகாணியைக்கூடச் செதுக்க முடிந்தது அதனால்தான். கூரைச் சரிவின் கீழே சாய்ந்து நிற்கும், மதனிகை எனப்படும் பெண் சிற்பங்கள் மொத்தம் 42, அவற்றில் 38 வெளியில் உள்ளன. என் மகள் எண்ணத் தொடங்கி 31-இல் கணக்கை விட்டுவிட்டாள். கண்ணாடி பார்க்கும் பெண்ணின் எதிரில் மட்டும் எப்போதும் கூட்டம்தான். எனக்குப் பிடித்தது கல்லில் பெயர் வெட்டிவைத்திருக்கும் சிற்பிகளின் துணிச்சல். பள்ளிகாவியிலிருந்து வந்த தாசோஜனும் அவன் மகன் சாவணனும் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய கோயிலைச் செய்த நம் சிற்பிகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

வெயில் ஏறினால் கூரையின் நிழல் மதனிகைகளை மறைத்துவிடுகிறது. தங்குமிடம் பக்கத்திலேயே இருந்ததால் அவசரமில்லாமல் திரும்பி வந்துவிட்டு, மாலை வெயில் சாய்ந்தபோது இரண்டாம் முறை போனோம். காலையில் தட்டையாகத் தெரிந்த மேற்குப் பக்கச் சுவர் அப்போது வேறொரு கோயிலைப்போல இருந்தது.

ஹளேபீட்டுக்கு மறுநாள் போனோம். பேலூரிலிருந்து 16 கிலோமீட்டர். ஹொய்சளர்களின் தலைநகரான துவாரசமுத்திரம் இதுதான். பாழ்பட்டபின் ‘பழைய பாளையம்’ என்ற பொருளில் ஹளேபீடு ஆயிற்று. 1311-இல் மாலிக் காபூரின் படை இங்கே வந்து, இங்கிருந்துதான் மதுரைக்கு இறங்கியது. இதையெல்லாம் ஆட்டோவில் போகும்போது சும்மா சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போது இங்கே ஆண்டவர் மூன்றாம் வீர வல்லாளர் என்று சொன்னதும் அத்தை, "எந்த வல்லாளர்? நம்ம வல்லாள ராஜாவா?" என்று ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. வல்லாள கோபுரத்தின் வழியாகப் போய்வந்து வளர்ந்தவர். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வல்லாள மகாராஜா வரலாற்றுப் பாடத்தில் வரும் அரசர் அல்லர், குடும்பக் கதையில் வருகிறவர். பிள்ளையில்லாத அவருக்குக் குழந்தையாக வந்து காட்சி தந்த சிவன், மகன் செய்ய வேண்டிய கடமையைத் தானே செய்வதாக வாக்களித்தார் என்பது தலபுராணம். இன்றும் ஒவ்வொரு மாசி மகத்தன்றும் அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். சிறுமியாக இருந்தபோது தம் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்ததாக அத்தை பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ராஜாவுக்குப் பூர்வீகம் இங்கே, கன்னட தேசத்தில் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. துவாரசமுத்திரம் கைவிட்டுப்போகும் நிலை வந்தபோது அவர் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டதையும், 1340-களில் மதுரைச் சுல்தானின் படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டதையும் சொன்னேன். சிறிது காலத்துக்குள் மதுரைக்கு வந்த இபின் பதூதா, அவருடைய தோலில் வைக்கோல் அடைத்து மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டதாக எழுதியிருப்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்குப்பின் நான்காம் வல்லாளன் என்று ஒருவன் பட்டத்துக்கு வந்ததாக வரலாற்று நூல்களில் உண்டு. அப்படியானால் பிள்ளையில்லை என்ற கதை என்னாவது என்று என் மனைவி கேட்டாள். "சாமியே திதி குடுக்கும்போது உனக்கென்ன சந்தேகம்?" என்று அத்தை அந்த வழக்கை அங்கேயே முடித்துவைத்தார்.

ஹொய்சளேசுவரர் கோயிலின் மேடைக்குப் படியேற அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருந்தது. இரட்டைச் சந்நிதி, விமானம் இல்லாத மொட்டைக் கூரை, ஒவ்வொரு சந்நிதிக்கும் எதிரே ஒரு பெரிய நந்தி. சுவரின் அடியில் யானை வரிசை, அதன்மேல் சிங்கம், கொடி, குதிரை, அவற்றுக்கு மேலே இராமாயண, மகாபாரதக் கதைகள், பிறகு மகரமும் அன்னமும். யானைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்கிறார்கள். நான் ஒரு மூலையில் நின்று முப்பது யானைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் அது உண்மையாகவே இருந்தது. அத்தை சுவரைச் சுற்றி வரவில்லை. நந்தி மண்டபத்தில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த பழைய ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்குள் அருகிலிருக்கும் பசதிகள் எனப்படும் சமணக் கோயில்களுக்குப் போய், முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றிய கருந்தூண்களில் முகம் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பியபோது அவர் அதே இடத்தில் இருந்தார். "இவ்வளவு பெரிய ஏரிய விட்டுட்டு, தண்ணியில்லாத நம்ம ஊருக்கு வந்திருக்காரு பாவம்" என்றார்.

அன்றிரவு குளிர் அதிகம். வண்டியில் ஏசி இருப்பதைப் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், தேவைப்பட்டதோ கம்பளி. வெளியே மூன்று கல் கூட்டி அத்தை அவரைக்காய்க் குழம்பு வைத்தார். இன்டக்ஷன் அடுப்பில் குழம்பு கொதிப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அவருடைய புகார். களத்துப் பெண்மணி சுட்டுக் கொண்டுவந்த அக்கி ரொட்டியோடு அதைச் சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கே எல்லோரும் தூங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் சன்னராயபட்டணத்தில் பிரிந்து சிரவணபெளகொளாவுக்குப் போனோம். கேரவன் தன் வாடகையை உண்மையாகவே சம்பாதித்தது இங்கேதான். விந்தியகிரியில் பாறையில் வெட்டிய படிகள் 600-க்கு மேல். நடக்க முடியாதவர்களுக்கு டோலி உண்டு. ஆனால் நான்கு பேர் தோளில் ஏற அத்தை கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். அவரையும் என் மனைவியையும் அடிவாரத்தில், வண்டிக்குள், தயிர்சாதத்தோடும் மின்விசிறியோடும் விட்டுவிட்டு நானும் மகளும் ஏறினோம். கங்க மன்னர்களின் அமைச்சரான சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்த கோமடேசுவரர், ஒரே கல்லில் 57 அடி உயரம் நிற்கிறார். கழுத்தை அண்ணாந்து பார்த்துக் களைத்தபின் கால்பக்கம் பார்க்க மறக்காதீர்கள். அங்கே கன்னடத்தில் ஒரு கல்வெட்டும், கிரந்தத்திலும் வட்டெழுத்திலுமாகத் தமிழில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன. தமிழில், ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’. அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. முன்பே படித்து வைத்திருந்ததை மகளுக்குச் சொன்னேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் குன்றில் ஏறியவர்களில் தமிழ் படிப்பவர்களும் இருப்பார்கள் என்று யாரோ கணக்கிட்டிருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு அப்போது கால் சுட்டுக்கொண்டிருந்தது.

பெங்களூரில் வண்டியை ஒப்படைக்கும்போது இரவு ஒன்பது மணி. கழிவுப் பெட்டியைக் காலி செய்து கழுவித் தர வேண்டியது எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். தோட்டத்தில் மரக்கிளை உரசிய கீறலையும் சேர்த்து முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் அண்ணாவிடம் அத்தை தனியாக ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் என்னவென்று விசாரித்தேன். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தங்கரை வரைக்கும் இந்த வண்டி போகுமான்னு கேட்டேன். ரோடு நல்லா இருந்தா போகும்னாரு" என்றார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் மாசி மகம் என்று விழுகிறது என்று பார்த்தோம். வேலை நாள்தான், இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.